பின்மூடிக்கு உள்ளே

அப்பாவின் கைக்கடிகாரம் ஒரு எச்.எம்.டி. ஜனதா. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய ரகம். அவர் போன பிறகு மேசை டிராயரில் நாலைந்து வருடம் கிடந்தது. ஒருநாள் எடுத்துச் சாவி கொடுத்துப் பார்த்தால் இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடிப்படியின் அடியில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர் பாயிடம் கொண்டுபோனேன். ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். எந்திரத்தைப் பார்ப்பார் என்று நினைத்தால், மூடியின் உட்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி மூணு பேரு கை வச்சிருக்காங்க தம்பி" என்றார்.

லென்ஸை என்னிடம் கொடுத்தார். ஊசி முனையால் கீறிய எழுத்துகள். ஒரு மாதமும் வருடமும். அதன் கீழே இன்னொரு கையெழுத்தில் இன்னொரு தேதி. மூன்றாவது, தமிழில் ஒரு 'மு', பக்கத்தில் ஒரு சின்னச் சுழி. பழுது பார்ப்பவர்கள் இப்படித் தேதி கீறி வைப்பது அந்தத் தொழிலில் சாதாரணமாம். "போன மாசம்தானே சர்வீஸ் பண்ணிக் கொடுத்தீங்க" என்று யாராவது சண்டைக்கு வந்தால் மூடியைத் திறந்து காட்டிவிடலாம். அந்தக் கீறல்கள் அப்பாவின் மணிக்கட்டிலேயே இருபது முப்பது வருடம் இருந்திருக்கின்றன. அவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார்.

பொருள்களைக் கழற்றும்போது உள்ளே கிடைக்கும் விசித்திரங்களைப் பற்றிப் பேசினால், பொதுவாக 'என்ன கிடைத்தது' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பழைய ரேடியோவுக்குள் பல்லி முட்டை, மிக்சியின் அடியில் அரை ஆழாக்கு சீரகம், பீரோவின் இரண்டாம் தட்டுக்குப் பின்னால் 1970-களின் கல்யாணப் பத்திரிகை. எனக்கு அன்றிலிருந்து பிடித்துப்போன கேள்வி வேறு. உள்ளே ஒன்றை வைத்தவர், அதை யார் திறப்பார் என்று நினைத்து வைத்தார்? பல்லிக்கு அந்தக் கவலை கிடையாது, சரி. மனிதர்கள் விஷயத்தில் அதைக் கேட்டுப் பார்த்தால், பொருளைவிட வைத்த ஆள் நன்றாகத் தெரிய ஆரம்பிக்கிறார்.

கடிகாரத்திலிருந்தே தொடங்கலாம். ஆபிரகாம் லிங்கன் இல்லினாய் மாநிலத்தில் வக்கீலாக இருந்த 1850-களில், ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர் நகைக்கடை ஒன்றில் தங்கக் கூடு போட்ட பாக்கெட் கடிகாரம் வாங்கினார். எந்திரம் இங்கிலாந்தில் செய்தது. அவர் ஜனாதிபதியான அடுத்த மாதம், 1861 ஏப்ரலில், அது வாஷிங்டனில் பென்சில்வேனியா அவென்யூவில் இருந்த கால்ட் என்ற கடைக்கு ரிப்பேருக்குப் போனது. அதைப் பிரித்தவர் ஜோனதன் தில்லன், அயர்லாந்திலிருந்து குடியேறியவர். தெற்கே சம்டர் கோட்டை மீது கிளர்ச்சிக்காரர்கள் குண்டு போட்ட செய்தி வந்தபோது லிங்கனின் கடிகாரம் அவர் மேசையில் திறந்து கிடந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது.

நாற்பத்தைந்து வருடம் கழித்து, 1906-ல், எண்பத்து நாலு வயதில் தில்லன் அந்தக் கதையை நியூயார்க் டைம்ஸ் நிருபரிடம் சொன்னார். கடை முதலாளி வந்து செய்தியைச் சொன்னாராம். கடையில் லிங்கனின் வட மாநிலங்கள் பக்கம் நின்ற ஒரே ஆள் தான்தானாம். முகப்புத் தகட்டைக் கழற்றி, கூரான கருவியால் உள்ளே இப்படிக் கீறினாராம்: முதல் குண்டு வெடித்துவிட்டது, அடிமைமுறை செத்தது, முயற்சியாவது செய்யக்கூடிய ஒரு ஜனாதிபதி நமக்குக் கிடைத்ததற்குக் கடவுளுக்கு நன்றி.

கேட்கவே சிலிர்க்கும் வாசகம். குடும்பத்தில் இந்தக் கதை ஓடிக்கொண்டே இருந்தது. கடிகாரமோ லிங்கனின் கொள்ளுப்பேரன் வழியாக 1958-ல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்து, கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக மூடிக் கிடந்தது. கடைசியில் தில்லனின் வம்சத்தில் வந்த ஒருவர் அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொன்னார். 2009 மார்ச் 10 அன்று பத்திரிகைக்காரர்கள் சூழ ஒரு கடிகார நிபுணர் முகப்பைக் கழற்றினார்.

எழுத்து இருந்தது. வாசகம்தான் வேறு. தில்லனின் பெயர், 1861 ஏப்ரல் 13 என்ற தேதி, 'சம்டர் கோட்டை மேற்படி தேதியில் கிளர்ச்சிக்காரர்களால் தாக்கப்பட்டது'. பிறகு மறுபடி தேதி, வாஷிங்டன், 'கடவுளுக்கு நன்றி, நமக்கு ஓர் அரசாங்கம் இருக்கிறது', மறுபடி அவர் பெயர். சம்டர் என்பதில் ஓர் எழுத்து கூடுதல். தேதியும் ஒருநாள் தள்ளி. தாக்குதல் 12-ஆம் தேதி விடியும் முன்பே தொடங்கிவிட்டது. அடிமைமுறை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கிழவர் புளுகிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. 1906-ல் அவருக்குப் போரின் முடிவு தெரியும், அடிமைமுறை ஒழிந்தது தெரியும், லிங்கன் ஒரு மகானாகிவிட்டது தெரியும். தெரிந்ததெல்லாம் சேர்ந்து நினைவை மெருகேற்றிவிட்டது. 1861 ஏப்ரலில் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்திருந்தவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அன்றைய பயம் அரசாங்கம் என்று ஒன்று மிஞ்சுமா என்பதுதான். 'இருக்கிறது' என்ற சொல்லில் அந்த நாளின் பயம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பின்னால் சேர்ந்த அழகான வாசகத்தைவிட, எழுத்துப்பிழையோடு இருக்கும் இந்த வரிகள்தான் எனக்கு நம்பும்படி இருக்கின்றன.

யாருக்காக எழுதினார்? லிங்கனுக்காக இல்லை. கடிகாரக்காரர் ஒருவரைத் தவிர வேறு யாரும் முகப்புத் தகட்டைக் கழற்றப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அடுத்து அதே மாதிரி ஒரு மேசையில், அதே மாதிரி ஒரு லென்ஸ் போட்டுக்கொண்டு உட்காரப்போகிறவனுக்கான தபால் அது. தபால் போய்ச்சேரவும் செய்தது. 1864 செப்டம்பர் என்று தேதி போட்டு இன்னொருவர் தன் பெயரைக் கீறியிருக்கிறார். இன்னோரிடத்தில் 'ஜெஃப் டேவிஸ்' என்று இருக்கிறது. அது கிளர்ச்சிக்காரர்களின் ஜனாதிபதியுடைய பெயர். லிங்கன் போர் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் அவர் கடிகாரத்துக்குள்ளேயே இப்படி ஒரு வாக்குவாதம் ஓடியிருக்கிறது. அவருக்கு இது எதுவும் தெரியாது.

பெயர் போடும் ஆசை கடிகாரக்காரர்களோடு நிற்கவில்லை. ஆப்பிள் நிறுவனம் முதல் மேக்கின்டாஷ் கணினியைச் செய்துகொண்டிருந்தபோது, 1982 பிப்ரவரி 10 அன்று, அந்தக் குழு கூடி ஒரு பெரிய வரைபடத் தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டது. முப்பத்தைந்து பேர் அளவில் இருந்தார்கள். ஓவியர்கள் தங்கள் வேலையில் கையெழுத்துப் போடுவார்கள், நாமும் போடுவோம் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் யோசனை. அவர் எல்லோரும் போட்டு முடித்த பிறகு கடைசியாகப் போட்டார். அந்தத் தாளிலிருந்து எழுத்துகளை உலோக அச்சுக்கு மாற்றினார்கள். 1984-ல் விற்பனைக்கு வந்த அந்த மாடலின் பிளாஸ்டிக் கூட்டின் உட்சுவரில் அத்தனை கையெழுத்தும் புடைப்பாக வந்தன.

இதில் சுவாரசியமே, அந்தக் கூட்டை வாங்கியவர் சுலபமாகத் திறந்துவிட முடியாது என்பதுதான். கைப்பிடிக் குழிக்குள் ஆழத்தில் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள். நீளமான தனி ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டு டூல்பாக்ஸில் அது யாரிடமும் இருந்திருக்காது. காசு கொடுத்து வாங்கியவர் பார்க்க முடியாது, ரிப்பேர்காரர் பார்ப்பார். அப்புறம் மாடல் மாற மாற, அச்சைத் திருத்தும்போதெல்லாம் சில பெயர்கள் உதிர்ந்தன. ஒரு கட்டத்தில் வழக்கமே நின்றுபோனது.

சிப்புக்குள் எழுதுவது இன்னும் நுணுக்கமான வேலை. மைக்ரோசிப் ஒன்றின் மேல்மூடியை அமிலத்தால் கரைத்து நுண்ணோக்கியில் வைத்தால், மேலிருந்து பார்த்த நகரம் மாதிரித் தெருத்தெருவாகக் கம்பித்தடங்கள் ஓடும். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிட்சன் என்பவர் 1990-களில் இப்படிச் சிப்புகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மூலையில் கார்ட்டூன் உருவம் ஒன்று நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். தேடத் தேட நிறையக் கிடைத்தன. விலங்குகள், வண்டிகள், வடிவமைப்பாளர்களின் பெயரெழுத்துகள். தலைமுடியின் பருமனைவிடச் சின்னப் படங்கள்கூட உண்டு. ஒரு தொகுப்பாகவே வெளியிட்டார்.

விளையாட்டு என்றுதான் தோன்றும். ஆனால் இதற்கு ஒரு காரியப் பயனும் இருந்தது. 1984-ல் அமெரிக்கா சிப் வடிவமைப்புக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரும் வரை, ஒருவர் சிப்பை இன்னொருவர் அப்படியே படம் பிடித்து நகலெடுத்தால் வழக்குப் போட்டு ஜெயிப்பது கஷ்டம். 'நாங்களும் யோசித்தோம், இதே மாதிரி வந்தது' என்று சொல்லிவிடலாம். ஆனால் மூலையில் இருக்கும் முயல் பொம்மையும் அவர்கள் சிப்பில் அதே இடத்தில் இருந்தால்? மின்சாரத்துக்கு அந்த முயலால் ஒரு வேலையும் இல்லை. காப்பியடித்தவன் பக்கத்துப் பையனின் பெயரையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்வதுபோலத்தான்.

ஆக, இங்கே எழுதப்பட்டது திருடனை எதிர்பார்த்து. இதை வெளிப்படையாகவே செய்த ஒரு கூட்டமும் உண்டு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளைச் சோவியத் நாடுகளுக்கு விற்கத் தடை இருந்த காலம் அது. அங்கே அவற்றைப் பிரித்துப் பார்த்து நகல் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 1980-களின் பிற்பகுதியில் வந்த சிவாக்ஸ் என்ற சிப்பின் ஓரத்தில் பொறியாளர்கள் ரஷ்ய எழுத்தில் ஒரு வரி பொறித்தார்கள். 'திருடுவதென்று ஆனபின் ஆகச் சிறந்ததையே திருடவேண்டும்' என்கிற மாதிரி ஒரு கிண்டல்; அமெரிக்க வாழ்த்து அட்டை விளம்பரம் ஒன்றின் வாசகத்தைத் திருகிச் செய்தது. ரஷ்யம் தெரிந்தவர்கள் படித்தால் இலக்கணம் தாறுமாறாக இருக்குமாம். அகராதியைப் புரட்டி எழுதியிருக்கிறார்கள்போல. மாஸ்கோவில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் அதைப் படித்துவிட்டு என்ன முகம் காட்டியிருப்பார் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அதே மாஸ்கோவில், அதே காலத்தில், யாருமே திறக்கக் கூடாது என்ற நினைப்பில் உள்ளே வைக்கப்பட்ட ஒன்றும் இருந்தது. 1984-ல் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமைக்கு ஒரு சந்தேகம். நட்பு நாடு ஒன்று தன் தூதரகத் தந்தி எந்திரத்துக்குள் ஒட்டுக்கேட்கும் கருவியைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது. அப்படியானால் நம்முடைய கதி? மாஸ்கோ தூதரகத்தில் இருந்த டைப்ரைட்டர், கணினி, தந்தி எந்திரம் என்று பதினோரு டன் சாமானைக் கமுக்கமாகப் பெயர்த்து அமெரிக்காவுக்கு எடுத்துப்போனார்கள். பதிலுக்கு வேறு எந்திரங்களை வைத்தார்கள். திட்டத்தின் பெயர் கன்மேன்.

கொண்டுவந்ததை எல்லாம் முகமையின் வாகன நிறுத்தத்தில் டிரெய்லர் வண்டிகளை நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பிரித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். கண்டுபிடிப்பவருக்கு 5,000 டாலர் என்று மேலதிகாரி அறிவித்திருந்தார். வாரக்கணக்கில் ஒன்றும் அகப்படவில்லை. ஜூலையில் ஒருநாள், ஐபிஎம் செலக்ட்ரிக் டைப்ரைட்டர் ஒன்றின் மின் சுவிட்சில் ஒரு கம்பிச் சுருள் கூடுதலாக இருப்பது ஒரு தொழில்நுட்பரின் கண்ணில் பட்டது. எந்திரம் முழுவதையும் எக்ஸ்ரேயில் வைத்தார். குறுக்கே ஓடும் ஓர் அலுமினியச் சட்டம். வெறும் உலோகத் துண்டு என்று எல்லோரும் விட்டுவிட்டது. அதற்குள் மின்சுற்றுகள் அடைசலாக இருந்தன.

அந்த டைப்ரைட்டரில் எழுத்துக்கு ஒரு கோல் என்று கிடையாது. எல்லா எழுத்தும் பொறித்த ஒரு குமிழ்ப்பந்து சாய்ந்து சுழன்று காகிதத்தில் முட்டும். எந்த விசையைத் தட்டினால் பந்து எப்படித் திரும்ப வேண்டும் என்று சொல்வது உள்ளே இருக்கும் சில நெம்புகோல்கள். சோவியத் ஆட்கள் அந்த நெம்புகோல்களைக் காந்தமாக்கி, அவற்றின் அசைவைச் சட்டத்துக்குள் இருந்த உணரிகளால் அளந்து, வானொலி அலையாக வெளியே அனுப்பியிருந்தார்கள். அறையில் பேசியதை இல்லை, தட்டச்சு செய்ததையே எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறார்கள். மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் சேர்த்துப் பதினாறு எந்திரங்கள். 1976-லிருந்து. அந்த எட்டு ஆண்டுகளில் அந்த அலுமினியச் சட்டத்தை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை. ரிப்பேர்காரர் கை வைத்தாலும் சந்தேகப்படாத பாகம் எது என்று யோசித்து, அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தொழில் தெரிந்தவனை ஏமாற்ற, அதே தொழில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன்தான் வேண்டியிருந்தது.

சரி, எதிரியும் வேண்டாம் சக தொழிலாளியும் வேண்டாம், நானே ஒருநாள் திறந்து எடுத்துக்கொள்வேன் என்று வைப்பவர்கள்தான் உலகில் அதிகம். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் பிஷப்ஸ் காஸில் என்ற சிற்றூர். அங்கே உள்ள பள்ளிக்கு 2016-ல் ஒரு குடும்பம் தங்கள் பழைய பியானோவை இனாமாகக் கொடுத்தது. பிராட்வுட் நிறுவனம் 1906-ல் செய்த, சுவரோடு நிறுத்தும் ரகம். சுருதி சேர்க்க வந்தவர், சில கட்டைகள் அமுங்கத் திணறுகின்றனவே என்று அவற்றைக் கழற்றினார். அடியில் துணிப் பொட்டலங்கள். அந்துப்பூச்சிக்கு வைத்த மருந்தோ என்று நினைத்து ஒன்றைப் பிரித்தால், தங்கக் காசு.

மொத்தம் ஏழு துணிப் பொட்டலங்களும் ஒரு தோல் சுருக்குப்பையும். உள்ளே 913 காசுகள்: முழு சாவரின் 633, அரை சாவரின் 280. இந்தச் சாவரின்தான் நம் வாயில் சவரன் ஆனது. ஒரு காசின் எடை எட்டு கிராமுக்கு ஒரு நூல் குறைவு. நகைக்கடையில் நாம் சொல்லும் சவரனின் எட்டு கிராம் கணக்கு அதிலிருந்து வந்ததுதான். ஆக, நம் கணக்கில் சொன்னால் அந்தப் பியானோவுக்குள் ஏறக்குறைய 773 சவரன், ஆறு கிலோவுக்கு மேல். காசுகளில் 1847 முதல் 1915 வரை ஆண்டுகள். எப்போது ஒளித்தார்கள் என்று சொல்லிக்கொடுத்தது தங்கம் இல்லை. பொட்டலத்தோடு வைத்திருந்த ஓர் அட்டைத் துண்டு. ஷ்ரெட்டட் வீட் என்ற காலையுணவின் விளம்பர அட்டை. அதன் அச்சு 1926-க்கும் 1946-க்கும் இடைப்பட்டது.

இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இந்த இடத்தில் ஒரு விசித்திரமான கேள்வியைக் கேட்கிறது. தொலைந்துபோன பொன்னா, அல்லது திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்த பொன்னா? இரண்டாவதாக இருந்து, உரிமையாளரும் வாரிசும் தெரியாவிட்டால்தான் புதையல். செத்துப்போன ஒருவரின் மனதில் என்ன இருந்தது என்று ஓர் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். இங்கே தையல் பதில் சொன்னது. அவ்வளவு ஒழுங்காகச் சுற்றி, தைத்து, கட்டைக்கு அடியில் அடுக்கியவர் மறந்து வைக்கவில்லை. வாரிசு என்று பலர் வந்தார்கள். யாராலும் நிரூபிக்க முடியவில்லை. 2017 ஏப்ரலில் புதையல் என்று அறிவித்தார்கள். சன்மானம் சுருதி சேர்த்தவருக்கும் பள்ளிக்கும். முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் பியானோவை வீட்டில் வைத்து வாசித்துவிட்டு இனாமாகக் கொடுத்த குடும்பத்துக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை.

நம் ஊரில் நடந்திருந்தால்? இந்தியப் புதையல் சட்டம் 1878-ஆம் வருடத்தது. மண்ணுக்குள்ளோ, மண்ணோடு பொருத்தப்பட்ட ஒன்றுக்குள்ளோ ஒளித்திருந்தால்தான் அதன் கண்ணில் புதையல். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். சுவருக்குள் இருந்தால் புதையல். நகர்த்தக்கூடிய பியானோவுக்குள் இருந்தால் அந்தச் சட்டத்தின் சொல்லுக்குள் வராது.

ஒளித்தவர் ஏன் திரும்பி வரவில்லை என்று வெள்ளைக்காரர்கள் வியக்கலாம். நமக்கு அவ்வளவு வியப்பில்லை. சிறுவாடு என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறோம். அரிசிப்பானையின் அடியில், சாமி படத்தின் பின்னட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவில், மடிசேலையின் உள்மடிப்பில். கணவருக்குத் தெரியக்கூடாது, பிள்ளைகளுக்கும் தெரியக்கூடாது, ஆனால் அவர்களுக்காகத்தான். பியானோவில் பவுன் அகப்பட்ட அதே 2016-ன் நவம்பரில், ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது எங்கள் பெரியம்மா தையல் மெஷினின் மரப்பலகையைத் திருப்பிப் போட்டு, அடியில் குண்டூசி குத்தி வைத்திருந்த ஒரு துணிப்பையைப் பிரித்தார். பெரியப்பா அந்த மெஷினின் மேல்தான் இருபது வருடமாகத் தினமும் பேப்பர் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

பாங்காக்கில் ஒளித்தது இதைவிடப் பெரிது. திரைமித் கோயிலில் சுதை பூசிய புத்தர் சிலை ஒன்று தகரக் கொட்டகைக்குக் கீழே கிடந்தது. 1955-ல் புதுக் கட்டடத்துக்குத் தூக்கும்போது கயிறு அறுந்து விழுந்து, காரை பெயர்ந்தது. உள்ளே முழுக்கப் பொன். ஐந்தரை டன். பர்மியப் படையெடுப்புக்குப் பயந்து சுதை பூசி மறைத்திருக்க வேண்டும், மறைத்தவர்கள் யாரும் மிஞ்சவில்லை என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது.

யாரும் திறப்பார்கள் என்றே நினைக்காமல், எதையும் ஒளிக்கும் எண்ணமும் இல்லாமல் உள்ளே போனவை வேறு வகை. எனக்கு இவற்றின் மேல்தான் பிரியம் அதிகம். எகிப்தில் கிரேக்க அரசர்கள் ஆண்ட காலத்தில், பதப்படுத்திய உடலுக்குப் போடும் முகமூடி, மார்புக் கவசம் எல்லாவற்றையும் பழைய பப்பைரஸ் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, சுண்ணாம்பு பூசி, வண்ணம் தீட்டிச் செய்தார்கள். தாள் எங்கிருந்து? அலுவலகக் கழிவு. வரிக் கணக்கு, புகார் மனு, குத்தகைப் பத்திரம், யாரோ கிழித்துப் போட்ட கவிதை. விடைத்தாளில் வேர்க்கடலை மடித்து வாங்கி, தின்று முடித்ததும் கூம்பைப் பிரித்து யாருடைய மதிப்பெண் என்று பார்த்த தலைமுறைக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1900 ஜனவரியில், ஃபாயூம் பகுதியில் தெப்துனிஸ் என்ற பழைய ஊரை கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மனிதக் கல்லறைகளைத் தேடினால் வரிசையாக முதலைகள் வந்தன. அங்கே வழிபட்ட தெய்வம் சோபெக்குக்கு முதலைத் தலை. அதனால் முதலைகளையும் பதப்படுத்திப் புதைத்திருக்கிறார்கள். தோண்டத் தோண்ட முதலையே வந்த எரிச்சலில் ஒரு கூலியாள் ஒன்றைப் போட்டு உடைத்தார். உள்ளிருந்து எழுதிய தாள்கள் கொட்டின. சுற்றவும் திணிக்கவும் பப்பைரஸைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்த ஆளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் கோபத்தில் கிடைத்த ஆவணங்கள் இன்று கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

இதே மாதிரி ஒரு மார்புக் கவசத்தைப் பிரித்ததில்தான் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கவிஞர் பொசெய்திப்பஸின் நூற்றுப்பன்னிரண்டு குறுங்கவிதைகள் வெளியே வந்தன. ஏறத்தாழ அறுநூறு வரிகள். 2001-ல் மிலான் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பதிப்பித்தார்கள். ரத்தினக் கற்கள், சகுனங்கள், ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த குதிரைகள், கப்பல் மூழ்கிச் செத்தவர்கள் என்று பிரிவு பிரிவாக அடுக்கிய கவிதைத் தொகுப்பு. ஒரு காலத்தில் யாரோ ஆசையாக வாங்கிப் படித்த சுருள் பழைய தாளாகி, பசை தடவப்பட்டு, முன்பின் தெரியாத ஒருவரின் நெஞ்சின் மேல் இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் கிடந்தது.

இதில் ஒரு நெருடலும் உண்டு. தாளைப் பிரிக்க வேண்டுமென்றால் முகமூடியை ஊறவைத்துக் கரைக்க வேண்டும். மேலே இருக்கும் முகம் போனால்தான் உள்ளே இருக்கும் எழுத்து வரும். நிறைய முகங்கள் அப்படிப் போயிருக்கின்றன. உள்ளே இலக்கியம் இருக்கும் என்ற நப்பாசையில் உடைத்தால், பெரும்பாலும் வருவது வரி பாக்கிக் கணக்கு. இப்போது ஒளியையும் எக்ஸ்ரேயையும் வைத்து, உடைக்காமலே படிக்கும் முறைகளை முயன்றுகொண்டிருக்கிறார்கள். அது கைகூடும் வரை முகமூடிகளை முகமூடியாகவே விட்டுவைக்கலாம் என்பது என் கட்சி. எழுத்து எங்கும் ஓடிப்போகாது.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் ஒரு பாதிரியார் இருக்கிறார். 2017-ல் ஸ்பெயினில், சொதீயோ தெ லா ரிபேரா என்ற கிராமத்து தேவாலயத்தின் ஏசு சிலையைப் பழுது பார்க்க எடுத்தார்கள். மரச்சிலை, உள்ளே குடைவு. அசைக்கும்போது உள்ளே ஏதோ இருப்பது தெரிந்தது. பின்பக்கம், இடுப்புத் துணி மாதிரிச் செதுக்கிய துண்டைக் கழற்றினால், பிட்டம் இருக்கும் இடத்தில் ஒரு பொந்து. அதற்குள் இரண்டு தாள்கள், இரண்டு பக்கமும் எழுதியது. வருடம் 1777. எழுதியவர் ஹுவாக்கின் மிங்கெஸ், பக்கத்து பூர்கோ தெ ஓஸ்மா பேராலயத்தின் குரு.

பிரார்த்தனை எழுதியிருப்பார் என்று நினைத்தால், ஊர் நடப்பு எழுதியிருக்கிறார். சிலையைச் செதுக்கியவர் மானுவேல் பால், இன்னின்ன ஊர்களுக்கும் செய்து கொடுத்திருக்கிறார். கோதுமை, ரை, வாற்கோதுமை, ஓட்ஸ் நல்ல விளைச்சல். திராட்சை மதுவும் குறைவில்லை. டைபாய்டும் முறைக்காய்ச்சலும் வந்து ஆட்களைப் படுத்தின. ராஜா மூன்றாம் கார்லோஸ், அரசவை மாட்ரிட்டில். பேர்பெற்ற மாடுபிடி வீரர்கள் இன்னார் இன்னார். பொழுதுபோக்குக்குச் சீட்டும் பந்தும். திறக்கப்போகிறவருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். அதாவது வெகுகாலம் கழித்துத்தான் யாராவது திறப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இருநூற்று நாற்பது வருடம் ஆனது.

படித்து முடித்ததும், மூலத்தைப் புர்கோஸ் பேராயர் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, ஒரு நகலை மடித்து, எடுத்த பொந்துக்குள்ளேயே திரும்ப வைத்து மூடினார்கள்.